முதுகு குளிரும் நெருப்பு

"ஏய்யா, முன்னால பொசுக்குது, முதுகுல பனி கொட்டுது. இது என்ன நெருப்பு?"

நண்பரின் அம்மா கேட்ட கேள்வி. சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் தடவையாக இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு வந்திருந்தார். ஜனவரி மாதம், வெளியே இரண்டு டிகிரி. விக்டோரியா மகாராணி காலத்தில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய செங்கல் வரிசை வீடுகளில் ஒன்று அது. கூடத்துச் சுவரில் வார்ப்பிரும்புச் சட்டம் போட்ட கணப்பு, அதில் விறகு தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டி உட்காருவார், பிறகு நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டுவார். தோசையைத் திருப்பிப் போடுகிற மாதிரி. ஊட்டி, கோத்தகிரிப் பழைய பங்களாக்களில் மார்கழி இரவில் தங்கியவர்களுக்கு இது புதிதல்ல. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்க் கணப்பை நீலகிரிக்குக் கொண்டுவந்தபோது அதன் குறையையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள்.

அம்மாவின் கேள்விக்கு விடை சொல்ல ஓர் ஊதுபத்தி போதும். சாமி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொளுத்தி, வாசல் கதவின் சாவித்துளைக்குப் பக்கத்தில் பிடித்தேன். புகை மேலே எழவில்லை. படுக்கைவாட்டில் மடங்கிக் கூடத்துக்குள் ஓடியது. ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் பிடித்தேன், அங்கேயும் உள்பக்கமாகவே ஓடியது. தரைப் பலகைகளின் இடைவெளியிலும் அப்படியே. வீட்டில் எத்தனை ஓட்டை உண்டோ அத்தனை வழியாகவும் வெளிக்குளிர் நுழைந்து கணப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. போகிற வழியில் அம்மாவின் முதுகு.

திறந்த கணப்பு அறைக்குச் சூட்டைக் கொடுப்பது ஏறக்குறைய ஒரே வழியில்தான்: கதிர்வீச்சு. தணலும் சுவாலையும் வெயில்போல நேராக அடிக்கின்றன, எதிரே இருக்கும் முகம் காய்கிறது. நெருப்பைத் தொட்டுச் சூடான காற்றோ ஒரு நொடியும் அறையில் தங்குவதில்லை. நேரே புகைபோக்கிக்குள் ஏறிவிடுகிறது. அது விட்டுப்போன இடத்தை நிரப்பத்தான் சாவித்துளையில் அந்த ஓட்டம். நன்றாக எரியும் திறந்த கணப்பு ஒரு நடுத்தர அறையின் காற்று முழுவதையும் மணிக்கு நாலைந்து தடவை உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். பத்துக் கட்டை எரித்தால் ஒன்று, மிஞ்சிப் போனால் ஒன்றரைக் கட்டையின் வெப்பம்தான் நமக்கு. கடும் குளிர்நாளில் கணக்கு இன்னும் மோசம். கூடத்தில் நெருப்பு எரிய எரிய மற்ற அறைகள் முன்பைவிடக் குளிர்ந்துபோகும்.

கூடத்தைச் சூடாக்கத்தான் கணப்பு மூட்டுகிறோம் என்று நண்பர் இரண்டு குளிர்காலமாக நம்பிக்கொண்டிருந்தார். ஷெஃபீல்டின் ஆகாயத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தார் என்பதே உண்மை. கடைசியில், கணப்புக் குழிக்குள் இரும்பு ஸ்டவ் ஒன்றைப் பொருத்துவது என்று முடிவெடுத்தார். ஸ்டவ் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் பம்ப் ஸ்டவ்வோ திரி ஸ்டவ்வோ அல்ல இது. காற்றுப் புகாத இரும்புப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே புகைக்குழாய், உள்ளே விறகு.

அம்மாவுக்கு இதுவும் விளங்கவில்லை. "ஏல, அடுப்புக்குக் கதவு போட்டு அடைச்சா நெருப்பு மூச்சு முட்டிச் செத்துராதா?"

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஆனால் பதில் பெட்டிக்குள் இல்லை, கூரைக்கு மேல் இருக்கிறது.

*

புகைபோக்கி ஏன் இழுக்கிறது? சூடான காற்று மேலே போகும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பாதிப் பதில். சூடான காற்று தானாக ஏறுவதில்லை, பக்கத்திலிருக்கும் கனத்த குளிர்காற்று அதை இடித்து மேலே தள்ளுகிறது. இரண்டு டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.28 கிலோ. 150 டிகிரியில் அதே கன மீட்டர் 0.83 கிலோதான். எட்டு மீட்டர் உயரப் புகைபோக்கிக்குள் லேசான காற்று, வெளியே அதே உயரத்துக்குக் கனத்த காற்று. தராசின் ஒரு தட்டு தாழ்ந்தால் மறுதட்டு ஏறத்தானே வேண்டும்!

இந்த வித்தியாசத்தால் வரும் அழுத்தம் எவ்வளவு? கணக்குப் போட்டால் சுமார் 35 பாஸ்கல். பெயரைக் கேட்டால் பெரிதாகத் தோன்றும். மேசைமேல் வைத்த ஒற்றை ஏ4 தாள் மேசையை அழுத்தும் அழுத்தமே ஏறக்குறைய 0.8 பாஸ்கல். ஆக, மொத்த வீட்டின் காற்றையும் இழுக்கும் அந்த ராட்சசப் பலம் 45 தாள்களின் கனம், அதாவது ஒரு மெல்லிய பள்ளி நோட்டு. ஐரோப்பாவில் விறகு ஸ்டவ்களைச் சோதிக்கும் தரவிதி எடுத்துக்கொள்ளும் இழுவை 12 பாஸ்கல்தான்: பதினைந்து தாள்.

இவ்வளவு சன்னமான விசை என்பதால்தான் எல்லாச் சிக்கலும். குழாய் குளிர்ந்தால் இழுவை போய்விடும், உயரம் குறைந்தாலும் போய்விடும். சமையலறையில் புகை உறிஞ்சும் மின்விசிறியைப் போட்டால் அது புகைபோக்கியோடு மல்லுக்கட்டி, பல நேரம் ஜெயித்தும் விடும். அப்போது புகை கூடத்துக்குள் திரும்பி வரும்.

ஸ்டவ் பொருத்த வந்தவர் யார்க்ஷயர்க்காரர், முப்பது வருஷமாக இதே தொழில். நண்பர் அவரிடம் இந்த ஸ்டவ்வா அந்த ஸ்டவ்வா என்று விலைப்பட்டியலை விரித்துக்கொண்டிருந்தபோது அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: என்ஜின் மேலே இருக்கிறது, பெட்டி வெறும் ஆக்ஸிலரேட்டர். என்ஜினைப் பார்க்காமல் ஆக்ஸிலரேட்டருக்கு நிறம் தேர்ந்தெடுக்கிறீர்களே!

ஸ்டவ் வாங்கும் பலரும் சறுக்குவது இங்கேதான். பெட்டிக்குப் பணம் கொடுக்கிறார்கள், குழாயில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

*

இந்த என்ஜினை முதன்முதலில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவர் ஒரு துரோகி. அல்லது விசுவாசி. அட்லாண்டிக்கின் எந்தக் கரையிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பெஞ்சமின் தாம்சன் 1753-ல் மாசசூசெட்ஸின் வோபர்ன் ஊரில் பிறந்தார். அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்று உளவு சொன்னார். மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டு லண்டனுக்கு ஓடிவந்தார். பிறகு பவேரியாவில் படையைச் சீர்திருத்தினார், மியூனிக் பிச்சைக்காரர்களுக்கு வேலையும் சூப்பும் கொடுக்க ஏற்பாடு செய்தார், அதே நகரில் பெரிய பூங்கா ஒன்றுக்கு வழிகோலினார். அங்கே கிடைத்த பட்டம்தான் கவுன்ட் ரம்ஃபோர்ட். மனிதர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், வெப்பம் என்றால் அவருக்குப் பித்து.

1795-ல் அவர் லண்டனுக்குத் திரும்பியபோது நகரத்தின் கணப்புகள் எல்லாம் புகைந்துகொண்டிருந்தன. அவை பெரிய சதுரக் குழிகள். மேலே புகைபோக்கியின் வாய் அகலமாகத் திறந்திருந்தது. ரம்ஃபோர்டின் நோயறிதல் எளிமையானது: வாய் அகலமாக இருப்பதால்தான் புகைகிறது. புகையோடு சேர்ந்து தேவையில்லாத அறைக்காற்றும் டன் கணக்கில் உள்ளே போகிறது, அது புகையைக் குளிரவைக்கிறது, குளிர்ந்த புகைக்கு ஏறச் சக்தியில்லை. தொண்டையைக் குறுக்குங்கள் என்றார். எவ்வளவு? நான்கு அங்குலம். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஏற்கெனவே புகைகிற கணப்பின் தொண்டையை இன்னும் நெரித்தால் என்ன ஆகும்? ஆனால் நெரித்ததும் புகை நின்றது.

கூடவே குழியின் பின்சுவரை முன்னால் இழுத்து, அகலத்தை முன்வாயில் மூன்றிலொரு பங்காகக் குறைத்தார். பக்கச் சுவர்களைப் பின்சுவரோடு 135 டிகிரிக் கோணத்தில் விரித்தார். முன்பு ஒன்றையொன்று பார்த்து வீணாகச் சுட்டுக்கொண்டிருந்த பக்கச் சுவர்கள் இப்போது அறையைப் பார்த்தன. கொத்தனாருக்குக் கொஞ்சம் செங்கலும் சாந்தும் போதும். 1796-ல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டதும் லண்டன் பணக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபி' நாவலில், பழைய மடாலயத்தில் இருளும் திகிலும் தேடிப்போன கதாநாயகி, அங்கே நாகரிகமாகக் குறுக்கப்பட்ட ரம்ஃபோர்ட் கணப்பைக் கண்டு ஏமாறுகிறாள். ஒரு பொறியியல் திருத்தம் நாவலில் நகைச்சுவையாக இடம்பெறும் அளவுக்குப் பரவியிருந்தது.

வழிதவறி ஒரு கிளைக்கதை. பீரங்கிக் குழல் துளைக்கும்போது உலோகம் ஓயாமல் சூடாவதைக் கவனித்து, வெப்பம் ஒரு பொருள் அல்ல, அசைவு என்று 1798-ல் வாதிட்டவரும் இதே ரம்ஃபோர்ட்தான். வெப்பத்தை ஒரு பொருளாகக் கருதி 'கலோரிக்' என்று பெயரிட்ட பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியேயின் கோட்பாட்டுக்கு விழுந்த அடி அது. பின்னாளில் அவர் கல்யாணம் செய்துகொண்டது யாரை? கில்லட்டினில் உயிரிழந்த லவாசியேயின் விதவையை. மணவாழ்க்கை நாறிப்போயிற்று. ஒருமுறை சண்டையில் தன் பூச்செடிகளின்மேல் அவள் கொதிநீரை ஊற்றிவிட்டதாக ரம்ஃபோர்ட் மகளுக்கு எழுதினார். வெப்ப ஆராய்ச்சியாளருக்கு வேறென்ன கிடைக்கும்!

ரம்ஃபோர்டுக்கு அரை நூற்றாண்டு முன்பே பெஞ்சமின் பிராங்க்ளின், கணப்புக்குள் வைக்கும் இரும்புத் தகட்டு அடுப்பை 1742-ல் வடிவமைத்து, 1744-ல் அதைப் பற்றிச் சிறு நூலும் எழுதினார். பென்சில்வேனியா ஆளுநர் காப்புரிமை தர முன்வந்தபோது வேண்டாம் என்றார். பெருந்தன்மைதான். ஆனால் அந்த அடுப்பு சரியாக வேலை செய்யவில்லை. மேலே போக விரும்பும் புகையை முதலில் கீழே இறக்கிப் பிறகு மேலே ஏற்றும்படி பாதை அமைத்திருந்தார். பதினைந்து தாளின் பலத்தை வைத்துக்கொண்டு அந்த வித்தை செய்ய முடியாது. இழுவையைத் தொடாமல் பெட்டியை மட்டும் திருத்தினார் பிராங்க்ளின், பெட்டியே இல்லாமல் இழுவையைத் திருத்தினார் ரம்ஃபோர்ட். இன்றைய ஸ்டவ்வுக்கு இரண்டும் வேண்டும்.

*

சரி, கதவை அடைத்தால் நெருப்பு சாகாதா?

மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு, திரியிலிருந்து எழும் வெள்ளைப் புகையில் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். புகை பற்றிக்கொண்டு தீ திரிக்கு ஓடும். விறகும் அப்படித்தான். கட்டை நேரடியாக எரிவதில்லை. முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. 200 டிகிரியைத் தாண்டியதும் மரத்தின் நார் உடைந்து வாயுவாகக் கசியத் தொடங்குகிறது. நாம் காணும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். விறகின் சக்தியில் பாதிக்கு மேல் அந்த வாயுவில் இருக்கிறது, மிச்சம் தணலில். வாயு முழுவதும் எரிய ஏறக்குறைய 600 டிகிரிச் சூடும், சூடான புதுக்காற்றும், இரண்டும் கலக்கக் கொஞ்சம் அவகாசமும் வேண்டும். திறந்த கணப்பில் இவை மூன்றும் கிடைப்பதில்லை. குளிர்ந்த அறைக்காற்று மேலே விழுந்து வாயுவை அணைத்துவிடுகிறது. எரியாமல் தப்பியதைத்தான் புகை என்கிறோம். புகை என்பது கழிவல்ல, காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட விறகு.

பெட்டி செய்யும் வேலை இங்கே வருகிறது. உள்சுவரில் பதித்த தீக்கற்கள் சூட்டை நெருப்புக்கே திருப்பி அடிக்கின்றன. மேலே குறுக்காக வைத்த தடுப்புத் தகடு, வாயு நேராகக் குழாய்க்கு ஓடிவிடாமல் வளைத்துக் காக்கவைக்கிறது. காற்று மூன்று இடத்தில் நுழைகிறது. அடியிலிருந்து வருவது பற்றவைக்கும்போது மட்டும். கண்ணாடியின் மேலிருந்து திரைபோல் வழிந்து இறங்குவது கண்ணாடியில் கரி படியாமலும் பார்த்துக்கொள்ளும். பின்சுவரில் சிறு துளைகளின் வழியே வருவது வழியிலேயே சூடாகி வந்து, தப்பப் பார்க்கும் வாயுவைப் பிடித்து எரிக்கும். நல்ல ஸ்டவ்வில் இந்தத் துளைகளின் வாயில் காஸ் அடுப்பின் பர்னர்போலச் சுவாலை நிற்பதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். ஸ்டவ் வந்த பிறகு அம்மா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதாங்குழல் இல்லாமல் ஊதுகிறதே என்பது அவர் வியப்பு. ஊதுவது வேறு யாருமல்ல, வெளியே எட்டு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் குளிர்காற்று.

ஆக, நெருப்பைப் பெட்டியில் அடைப்பது காற்றை அடைக்க அல்ல, எண்ணிக் கொடுக்க. ஐந்து கிலோவாட் ஸ்டவ் மணிக்கு ஒன்றரைக் கிலோ விறகைத் தின்று, பதினைந்து கன மீட்டர் காற்றை இழுக்கும். திறந்த கணப்பு அதே நேரத்தில் இழுப்பது அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். ஸ்டவ்வில் விறகின் வெப்பத்தில் முக்கால் பங்கு அறைக்கே வருவதன் ரகசியம் இதுதான்.

*

பொருத்தும் நாள் காலை எட்டு மணிக்கு, கூடம் முழுக்கத் துணி விரித்துவிட்டு, உளியும் சுத்தியலுமாக வேலை தொடங்கியது. முதலில் வார்ப்பிரும்புச் சட்டம் வந்தது. அதன் பின்னால் வளைந்த தீமண் பலகை, அதற்கும் பின்னால் உடைந்த செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாக வாளி வாளியாகக் கப்பி. அதையெல்லாம் வாரிய பிறகுதான் நூற்றிருபது வருஷத்துக்கும் முன் கொத்தனார் விட்டுச்சென்ற உண்மையான குழி தெரிந்தது. நண்பர் பார்த்துவந்த கணப்பைவிட இரண்டு மடங்கு பெரிது. மேலே செங்கல் வளைவு. அதைத் தொடாதீர்கள், வீட்டுச் சுவர் அதன்மேல்தான் நிற்கிறது என்றார் ஸ்டவ்காரர், யாரும் தொடப்போகாதபோதே. கடைசியாக மேலேயிருந்து ஒரு காக்கைக் கூடு இறங்கியது, மூன்று சாக்குச் சுள்ளி.

புகைபோக்கிக்குள் அளவு நாடாவை நீட்டிப் பார்த்தார். ஒன்பது அங்குலச் சதுரம். இங்கிலாந்தில் அந்த அளவைச் சொன்னால் ஒரு பழைய வெட்கம் நினைவுக்கு வரும். இந்த அளவுக் குறுகலான புகைபோக்கிகளுக்குள் கரி சுரண்டச் சின்னப் பையன்களை ஏற்றினார்கள். 1775-ல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி துடைப்பவர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுக்குக் கரியே காரணம் என்றார். ஒரு தொழிலோடு ஒரு புற்றுநோயை இணைத்த முதல் பதிவுகளில் ஒன்று அது. 1788-ல் தொடங்கிச் சட்டம் மேல் சட்டமாகப் போட்டார்கள், யாரும் மதிக்கவில்லை. 1875-ல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்னில் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் புகைபோக்கிக்குள் சிக்கி இறந்த பிறகுதான் பல்லுள்ள சட்டம் வந்தது.

இனி அந்த ஒன்பது அங்குலம் நமக்கு ஏன் தலைவலி என்று பார்ப்போம். அது திறந்த கணப்பின் வெள்ளத்துக்காகக் கட்டிய கால்வாய். அதில் ஸ்டவ்வின் பதினைந்து கன மீட்டரை விட்டால் ஏரி மதகில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்ட கதைதான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: புகை உச்சிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். ஒரு நிமிடம் குளிர்ந்த செங்கலை உரசிக்கொண்டு போகும் புகை என்ன ஆகும்? 120 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதிலுள்ள தார் சுவரில் படியத் தொடங்கும். இன்னும் குளிர்ந்தால் நீராவியும் சேர்ந்து வழியும். கிரியோசோட் என்று அதற்குப் பெயர். முதலில் பிசுபிசுப்பு, பிறகு கறுப்புக் கண்ணாடிபோல் கெட்டிப்படும். நல்ல எரிபொருள் அது. ஒருநாள் பெரிய சுவாலை மேலே எட்டினால் புகைபோக்கி முழுவதும் பற்றிக்கொண்டு ஆயிரம் டிகிரிக்கு மேல் ரயில் ஓடுவதுபோல் இரையும்.

இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியிருக்கவில்லை. பின் அறைக் கணப்பில் முந்தைய வீட்டுக்காரர் யாரையோ வைத்து ஒரு ஸ்டவ் பொருத்தியிருந்தார். குழாயை ஓர் அடி உயரத்துக்குப் புகைபோக்கிக்குள் நுழைத்துவிட்டு, சுற்றிலும் தகடு அடித்து, காசை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். மாடிப் படுக்கையறைச் சுவரில் காகிதத்தைத் தாண்டி ஊறிவந்த பழுப்புக் கறையை நண்பர் கூரை ஒழுக்கு என்றே நினைத்திருந்தார், இரண்டு தடவை வெள்ளையடித்தும் இருந்தார். ஸ்டவ்காரர் அதில் விரலைத் தேய்த்து நண்பரின் மூக்கருகே நீட்டினார். கருவாடு சுட்ட வாசனை. தார் வெளியே வர முடிந்த விரிசலில் கார்பன் மோனாக்சைடும் வர முடியும், அதற்கு வாசனை கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் வாயு அது. படுக்கையறை என்பதை நினைத்துப் பாருங்கள். அன்று மாலையே அந்த ஸ்டவ்வின் கதவில் கயிறு கட்டிவிட்டார்கள்.

கூடத்து ஸ்டவ்வுக்கு மருந்து உட்குழாய், லைனர் என்பார்கள். துருப்பிடிக்காத எஃகில் இரட்டைத் தோலாகச் செய்த, யானைத் தும்பிக்கைபோல் வளையும் குழாய். கூரைமேல் ஏறி, முனையில் கயிறு கட்டிக் கீழே விட்டார்கள். கீழே ஒருவர் இழுக்க, மேலே ஒருவர் ஊட்ட, முக்கால் மணி நேரம். குழாயில் அச்சிட்ட அம்புக்குறி மேலே பார்க்க வேண்டும் என்று ஸ்டவ்காரர் மூன்று தடவை கத்தினார். எஃகு நாடாவைச் சுற்றி மடித்துச் செய்வதால், தலைகீழாகப் போட்டால் உள்ளே வழியும் ஈரம் மடிப்பின் இடுக்குக்குள் புகுந்துவிடும். கூரை ஓடு அடுக்குவதிலும் இதே நியாயம்தான்.

விட்டம் 125 மில்லிமீட்டர். பொதுவாக 150 வேண்டும். புகை குறைவு என்று சான்று பெற்ற ஸ்டவ்களுக்கு மட்டும் 125-க்கு அனுமதி உண்டு. ஷெஃபீல்டு போன்ற புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் விறகு எரிக்க அந்தச் சான்று எப்படியும் அவசியம். பழைய சதுரத்தோடு ஒப்பிட்டால் இப்போது வழி நான்கில் ஒரு பங்குதான். ஒரு நிமிடப் பயணம் பதினைந்து விநாடிக்குள் முடிகிறது, புகை ஆறுவதற்குள் வெளியே போய்விடுகிறது. ரம்ஃபோர்ட் நான்கு அங்குலத்தில் செய்ததை எட்டு மீட்டர் நீளத்துக்கும் செய்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மற்ற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். குழியின் மேல்வாயை எரியாத பலகையால் மூடினார்கள், லைனருக்கு மட்டும் துளை. உச்சியில் மழையும் பறவையும் நுழையாத தொப்பி. கீழே பழைய கல்மேடையே போதுமானதாக இருந்தது, கதவுக்கு முன்னால் 225 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும் என்பது விதி. பெட்டியைச் சுற்றிக் கைவிடும் இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியில்தான் அறைக்காற்று புகுந்து சூடாகி வெளியே வரும், அழகுக்காக அடைத்துவிட்டால் பாதிப் பலன் போச்சு. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி சட்டப்படி கட்டாயம்.

*

ஸ்டவ்வைத் தேர்ந்தெடுக்கும்போது நண்பருக்கு எட்டுக் கிலோவாட் ஸ்டவ்மேல் ஒரு கண் இருந்தது. பெரிதாக வாங்கிக் குறைவாக எரிக்கலாமே என்பது வாதம். குழம்புக்கு அண்டா வைப்பதுபோல. ஸ்டவ்காரர் அறையை அளந்து, நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிப் பதினான்கால் வகுத்தார். மூன்றரைக் கிலோவாட். தொழில்காரர்களின் குத்துமதிப்புக் கணக்கு இது, ஆனால் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. பெரிய ஸ்டவ்வை வாங்கியவர் அறை கொதிப்பதைத் தாங்காமல் காற்றைக் குறைப்பார், பெட்டி 600 டிகிரியை எட்டாது, வாயு எரியாது, கண்ணாடி கறுக்கும், தார் படியும். திறந்த கணப்பைவிடக் கேடு, அதுவும் காசு கொடுத்து. ஐந்து கிலோவாட்டைத் தாண்டினால் இங்கே சுவரில் நிரந்தரக் காற்றுத்துளை போட வேண்டும் என்று வேறு விதி. கடைகளில் 4.9 கிலோவாட் ஸ்டவ்கள் குவிந்து கிடப்பதன் காரணம் அதுதான். பழைய, ஓட்டை நிறைந்த வீடுகளுக்குத்தான் ஐந்து வரை விலக்கு. சாவித்துளையைப் பழித்தோமே, ஸ்டவ்வுக்கு மூச்சு அங்கிருந்துதான். வீட்டை இறுக்கமாக அடைத்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இவ்வளவு செய்தும் ஒன்றை மறைக்க எனக்கு மனமில்லை. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் போர்த்திய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வீட்டுக் கணப்புகளின் நிலக்கரிப் புகைக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. 1956-ன் தூய காற்றுச் சட்டம் அதற்குப் பிறகு வந்தது. விறகு நிலக்கரி அல்ல, புது ஸ்டவ் பழைய கணப்பும் அல்ல. ஆனாலும் நுண்துகள் வரத்தான் செய்கிறது. ஆய்வகத்தில் காய்ந்த கட்டையும் பழகிய கையும் கொண்டு வாங்கிய சான்று, ஈரக் கட்டையும் சோம்பலும் உள்ள கூடத்தில் செல்லாது. கதவைத் திறந்து கட்டை போடும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அறைக்குள்ளும் வரும். எரிவாயுச் சூடேற்றி இருக்கும் நகர வீட்டில் விறகு ஸ்டவ் ஓர் ஆடம்பரம் என்பதே என் எண்ணம். நண்பரிடமும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அம்மாவோ நெருப்பைவிட்டு எழுந்திருக்கவே இல்லை, நாற்காலியையும் திருப்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டவ் கண்ணாடியின் ஓரம் கறுக்கத் தொடங்கியது. உள்ளே கட்டையின் வெட்டுமுனையில் நுரை தள்ளி, உஸ்ஸென்று சீறிக்கொண்டிருந்தது. தெருவில் வேனில் வந்து விற்றவரிடம் மலிவாக வாங்கிய விறகு. இங்கிலாந்தில் 2021 மே மாதத்திலிருந்து சிறு அளவில் விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, ஆனால் வேன்காரர்கள் எல்லோரும் சட்டம் படிப்பதில்லை. அந்தத் தண்ணீரை ஆவியாக்க நெருப்பு தன் சூட்டையே செலவழிக்க வேண்டும், மிச்சமிருப்பது வாயுவைக் கொளுத்தப் போதாது.

நண்பர் ஈரமானியைக் கொண்டுவந்து, குவியலிலிருந்து ஒரு கட்டையை எடுத்து, பட்டைமேல் இரண்டு ஊசிகளையும் அழுத்தினார். 18 என்றது.

"பாத்தியாம்மா? காஞ்சதுதான்."

அம்மா பதில் சொல்லாமல் அந்தக் கட்டையையும் இன்னொன்றையும் எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். தொப்பென்றது. "டங்குனு கேக்கணும்லா?" என்றார்.

நண்பர் கோடாலியை எடுத்துவந்து அதைப் பிளந்தார். புதிதாகப் பிளந்த முகத்தின் நடுவில் ஊசியை அழுத்தினார். 27.

மீதியைப் பின்கட்டுக் கொட்டகையில் காற்றுப்பட அடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று எரிக்கக் கடையில் பை விறகு வாங்கிவந்தோம்.